இத வச்சு என்ன வாங்கலாம் மாமா?

போன எபிசோட் முழுக்க டேட்டாபேஸ் பத்திப் பேசி உங்களைத் தூங்க வச்சுட்டேன்னு பல பேர் மெயில் போட்டிருந்தீங்க. நியாயம்தான். அதனால இந்த வாரம் கோட் கிடையாது, சர்வர் கிடையாது. ஒரு நாணயத்தைப் பத்திப் பேசப் போறேன். அந்த நாணயத்துல ஒரு பூச்சி இருக்கு. அந்தப் பூச்சிக்காக ஒன்பது வயசுப் பையன்கிட்ட நான் கத்தின கதையும் இருக்கு. அதைச் சொல்ல கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு, ஆனா சொல்லாம விட்டா இந்த எபிசோடே கிடையாது.

2024 ஆரம்பத்துல ஆபீஸ் வேலையா மூணு மாசம் மியூனிக்ல இருந்தேன். ஊருக்குக் கிளம்புற வாரம், அக்கா பையனுக்கு என்ன வாங்கறதுன்னு தெரியலை. சாக்லேட் வாங்கினா அக்கா திட்டுவா. பொம்மை வாங்கினா பெட்டியில இடம் இல்லை. அப்போ ஒரு சின்ன நாணயக் கடையோட கண்ணாடி அலமாரியில ஒரு பொறிவண்டைப் பார்த்தேன். லேடிபக்னு ஸ்கூல் புத்தகத்துல படிச்சோமே, அதுதான் பொறிவண்டு. வெள்ளி நிறத்துல ஒரு வில்லை, அதுல வண்டு மட்டும் கலர்ல. 5 யூரோ நாணயம்.

விசாரிச்சா, அது ஒரு வரிசையாம். ஜெர்மனி அரசாங்கம் 2022-ல ஆரம்பிச்சது. பேரைத் தமிழ்ல சொன்னா 'பூச்சிகளின் அதிசய உலகம்'னு வரும். மொத்தம் ஒன்பது நாணயம், எல்லாம் 5 யூரோ, எல்லாத்துலயும் பூச்சி, எல்லாத்துலயும் கலர். பொறிவண்டு உண்டு, மேசன் தேனீன்னு ஒரு தனிக்காட்டு ராஜா உண்டு. அது கூட்டமா வாழாது, தேன் சேர்க்காது, கிடைச்ச ஓட்டைக்குள்ள மண்ணைக் குழைச்சு அறை கட்டி முட்டை போடும். நம்ம வீட்டுச் சுவத்துல குளவி மண்கூடு கட்டுமே, அந்த மாதிரி ஒரு கொத்தனார் வேலை. பின்பக்கம் ஜெர்மனியோட கழுகு. ஒரு பக்கம் ராஜாங்கக் கழுகு, மறுபக்கம் அசுவினி தின்கிற வண்டு. எனக்கு அந்த ஜோடி ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

வாங்கிட்டேன். 5 யூரோ நாணயத்துக்கு 5 யூரோவுக்கு மேல கொடுத்தேன். எவ்வளவு மேலேன்னு கேட்காதீங்க, அக்கா இந்த பாட்காஸ்ட் கேட்பா.

குரோம்பேட்டை வீட்டுல வச்சு அவன்கிட்ட கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். முதல் கேள்வி இது: "இத வச்சு என்ன வாங்கலாம் மாமா?"

உண்மையான பதில் என்னன்னா, சென்னையில ஒண்ணும் வாங்க முடியாது. பாரிஸ்லயும் வாங்க முடியாது. சாதாரண யூரோ நாணயம் யூரோ புழங்குற எல்லா நாட்டுலயும் செல்லும். ஆனா இந்த மாதிரி சேகரிப்பு நாணயம் அதை வெளியிட்ட நாட்டுக்குள்ள மட்டும்தான் சட்டப்படி செல்லும். ஜெர்மனியில ஒரு பேக்கரியில நீட்டினா சட்டப்படி செல்லும், ஆனா அதுக்குக் கொடுத்த காசை நினைச்சா யாருக்கும் நீட்ட மனசு வராது. இதையெல்லாம் நான் ஆர்வமா விளக்கிட்டு இருக்கேன், அவன் அந்த பிளாஸ்டிக் கேப்சூலோட ஓரத்துல நகத்தை விட்டு நெம்பித் திறந்து, வண்டை எடுத்து, கட்டைவிரலால தடவிட்டான். அப்புறம் தரையில சுத்தி விட்டான். பம்பரம் மாதிரி.

நான் கத்திட்டேன். "டேய், தொடாத! அதோட மதிப்பே போச்சு!"

அந்த 'மதிப்பு'ங்கிற வார்த்தை என் வாயில இருந்து வந்ததும் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அவன் முகம் சுருங்கிப்போச்சு. நாணயத்தை எடுத்துத் திரும்பக் கேப்சூல்ல வச்சு, மூடி, என் கையில கொடுத்துட்டு உள்ள போயிட்டான். அக்கா ஒண்ணும் சொல்லலை. சொல்லாததுதான் இன்னும் மோசம்.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். ஒரு எட்டு கிராமோ பத்து கிராமோ உலோகத்துக்காகக் குழந்தைகிட்ட கத்துற ஆளா நான் எப்போ ஆனேன்னு தெரிஞ்சுக்கணும் இல்லையா.

முதல்ல அந்தக் கலர். பொறியாளர் புத்தி, அங்கேதான் போச்சு. நாணயத்துல கலர் போடறதுக்குப் பழக்கமான ஒரு முறை பேட் பிரிண்டிங். ஒரு தட்டுல வடிவத்தைப் பள்ளமா செதுக்கி, அதுல மையை நிரப்பி, மேல இருக்கறதை வழிச்சு விடுவாங்க. ஒரு சிலிகான் மெத்தை வந்து அந்த மையை ஒத்தி எடுத்து, நாணயத்து மேல அமுக்கும். நம்ம ரப்பர் ஸ்டாம்ப்போட பணக்கார சித்தப்பா மகன்னு வச்சுக்கங்க. சிலிகான் மெத்துமெத்துன்னு இருக்கறதால நாணயத்தோட மேடு பள்ளத்துக்கெல்லாம் வளைஞ்சு கொடுக்கும். சிவப்புக்கு ஒரு ஒத்து, கறுப்புக்கு ஒரு ஒத்து. ரெண்டும் மயிரிழை பிசகினாலும் வண்டோட புள்ளி முதுகைத் தாண்டி வெளியில விழுந்துடும்.

இதை முதன்முதலா புழக்கத்துல விடுற நாணயத்துல செஞ்சது கனடா. 2004-ல 25 சென்ட் நாணயத்துல சிவப்பு பாப்பிப் பூ. போர்ல இறந்தவங்க நினைவா. அதுல ஒரு கூத்து நடந்தது. கனடாவுக்குப் போய்ட்டு வந்த சில அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் பாக்கெட்ல இந்தக் காசு இருந்திருக்கு. சிவப்பா ஏதோ பூச்சு இருக்கேன்னு மைக்ரோஸ்கோப்ல எல்லாம் பார்த்துட்டு, இது நானோ தொழில்நுட்பம், நம்மளை வேவு பாக்கறாங்கன்னு மேலிடத்துக்கு ரகசிய அறிக்கை எழுதிட்டாங்க. 2007-ல விஷயம் வெளியில வந்தப்போ உலகமே சிரிச்சது. அந்தப் பூச்சு கலர் உரியாம இருக்கப் போட்டது, அவ்வளவுதான். [சிரிப்பு] ப்ரொடக்‌ஷன்ல ஒரு வார்னிங் வந்ததும் ஹேக்கர் புகுந்துட்டான்னு கத்துற சீனியர் எனக்கும் ஒருத்தர் இருந்தார்.

அதே கனடா 2011-ல இன்னும் ஒரு படி மேல போச்சு. 20 டாலர் வெள்ளி நாணயத்துல ஒரு டியூலிப் பூ, அது மேல ஒரு பொறிவண்டு. அந்த வண்டு அச்சடிச்சது இல்லை. இத்தாலியில வெனிஸ் பக்கம் முரானோன்னு கண்ணாடி வேலைக்குப் பேர்போன தீவு இருக்கே, அந்த வகைக் கண்ணாடியில கையால செஞ்ச குட்டி வண்டு. நாணயத்து மேல உட்கார வச்சிருக்காங்க. அடுத்த வருஷம் பூவும் வண்டுத்தேனீயும், அதுக்கடுத்த வருஷம் பட்டாம்பூச்சி. அழகுதான், நான் மறுக்கலை. ஆனா அதைப் பாக்கெட்ல போட முடியாது, சுண்ட முடியாது, சுத்தி விட முடியாது. அதை நாணயம்னு சொல்றதுக்கு ஒரே ஆதாரம் அதுல எழுதியிருக்கற '20 டாலர்'தான்.

இங்க ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். நாணயத்துல ரெண்டு சாதி இருக்கு. ஒண்ணு புழங்குற காசு. மெஷின் நிமிஷத்துக்கு 700-க்கு மேல அடிச்சுத் தள்ளும், மூட்டையில கொட்டி பேங்குக்கு அனுப்புவாங்க. இன்னொண்ணு சேகரிக்கிறவங்களுக்காகவே அடிக்கிற காசு. மெருகேத்தின அச்சு, நிதானமான அழுத்தம், கேப்சூல், அட்டை, சான்றிதழ், 'இத்தனைதான் அடிச்சோம்'னு ஒரு எண். சிறுவர்களுக்குன்னு போடற வரிசைகள் பெரும்பாலும் இந்த ரெண்டாவது சாதியிலதான் வருது. டைனோசர், விண்வெளி, பூச்சி. கலர், அட்டையில நாலு வரி தகவல், வரிசையா ஒன்பது, 'எல்லாத்தையும் சேர்த்தாதான் முழுமை'ன்னு ஒரு உறுத்தல். 2021-ல குரங்கு படம் போட்ட என்.எஃப்.டி. வாங்கின நண்பன் ஒருத்தன் எனக்கு இருக்கான். அவன்கிட்ட நான் எவ்வளவு நக்கல் அடிச்சிருப்பேன்! அருமைங்கிறதை ஒரு கம்பெனி முடிவு பண்ணி எண் போட்டு விக்குது, நீ வாங்கறேன்னு. அப்புறம் நானே போய் எண் போட்ட வண்டு வாங்கிட்டு வந்து, அதைத் தொட்டதுக்குக் கத்தியிருக்கேன்.

சரி, பூச்சியை எதுக்கு நாணயத்துல போடணும்? இது புது ஐடியா இல்லை. இன்னைக்குத் துருக்கியில இருக்கற எபேசஸ் நகரத்துல 2,300 வருஷத்துக்கும் முன்னாடியே வெள்ளிக் காசுல தேனீ போட்டாங்க. ரெக்கை விரிச்ச தேனீ, ரெண்டு பக்கமும் ஊர்ப் பேரோட முதல் ரெண்டு எழுத்து. பின்பக்கம் ஒரு மானும் ஈச்ச மரமும். படத்துல பார்த்தா நேத்து ஏதோ ஸ்டார்ட்அப் போட்ட லோகோ மாதிரி இருக்கும். ரோம்ல அகஸ்டஸ் காலத்துத் தங்கக் காசு ஒண்ணுல நண்டு ஒண்ணு கொடுக்குல பட்டாம்பூச்சியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். இத்தாலியில 1919-ல இருந்து 1937 வரைக்கும் 10 சென்டெசிமி செப்புக் காசுல பூவுல உட்கார்ந்த தேனீ. மால்டாவோட பழைய 3 மில் காசுல தேன்கூடு. ஸ்லோவேனியா யூரோவுக்கு மாறறதுக்கு முன்னாடி வச்சிருந்த சில்லறையிலயும் ஒரு தேனீ.

ஏன்னு யோசிச்சா வேலை தெரிஞ்சவனுக்குப் புரியும். நாணயத்துல மேடுங்கிறது ஒரு மில்லிமீட்டர்ல சின்னப் பங்கு. அதுக்குள்ள ஒரு குதிரையோட வயித்தைக் காட்டணும்னா சிற்பி உயிரை விடணும். பூச்சியை மேல இருந்து பார்த்தாலே தட்டையாத்தான் இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே அளவு. காலும் கொம்பும் வெறும் கோடு. வட்டத்துக்குள்ள நறுக்குன்னு உட்காரும்.

இன்னொரு காரணம், எனக்கு ரொம்பப் பிடிச்சது. யானையை நாணயத்துல போட்டா அது சுருங்கின யானை. ராஜா தலையும் சுருங்கின தலைதான். நாணயத்துல நிஜ அளவுல போடக்கூடிய மிருகம்னா அது பூச்சிதான். வேலைக்காரத் தேனீ ஒண்ணு சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். பிரிட்டன் ஒரு பவுண்டு நாணயம் அகலம் ரெண்டேகால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. நிஜத் தேனீ வந்து அது மேல தாராளமா உட்காரலாம். பொறிவண்டு கதை தலைகீழ். நிஜத்துல அது அரிசியை விடக் கொஞ்சம் பெருசு, நாணயத்துலதான் ராட்சசன். பப்புவா நியூ கினியாவோட 1 டோயா காசுல பேர்ட்விங் வகைப் பட்டாம்பூச்சி ஒண்ணு இருந்தது. உலகத்துலயே பெரிய பட்டாம்பூச்சி அந்த வகைதான், அந்த நாட்டுலதான் இருக்கு, ரெக்கை விரிச்சா ஒரு அடி ஸ்கேல்ல பெரும்பகுதி மறைஞ்சுடும். அதை அந்த நாட்டோட மிகச் சின்னக் காசுல போட்டிருந்தாங்க.

பவுண்டுன்னு சொன்னேன் இல்லையா, அந்தக் கதைக்கு வர்றேன். 2023 அக்டோபர்ல பிரிட்டன் ராயல் மின்ட், மூன்றாம் சார்லஸ் காலத்துக்கான புது நாணய வரிசையை அறிவிச்சது. எட்டு நாணயம், ஏழுல உயிரினங்களும் தாவரமும், எட்டாவதுல பூக்கள். 1 பென்னியில டார்மவுஸ்னு ஒரு குட்டி எலி, 2 பென்ஸ்ல சிவப்பு அணில், 50 பென்ஸ்ல சால்மன் மீன், 1 பவுண்டுல ரெண்டு தேனீ. இதை 'இளம் சேகரிப்பாளர்களுக்கான வரிசை'ன்னு யாரும் அட்டையில போட்டு விக்கலை. சாதாரணச் சில்லறை. ஆனா குழந்தைகளை மனசுல வச்சு ஒண்ணு பண்ணாங்க. எண்ணைப் பெருசாப் போட்டாங்க. எண்ணப் பழகுற, காசு பழகுற குழந்தைகளுக்கு வசதியா இருக்கும்னு வெளிப்படையாவே சொன்னாங்க.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். 2008-ல வந்த வரிசையைப் பாருங்க. அரச கேடயத்தைத் துண்டு துண்டா வெட்டி ஒவ்வொரு காசுலயும் போட்டிருந்தாங்க. சேர்த்து வச்சா முழுக் கேடயம் வரும். டிசைன்னா டிசைன், பிரமாதம். ஆனா எந்தக் காசுலயும் எண் கிடையாது. 'பத்து பென்ஸ்'னு எழுத்துல மட்டும். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத குழந்தையும் சுற்றுலா வந்தவனும் முழிப்பான். யூசர் டெஸ்டிங் பண்ணாம ரிலீஸ் பண்ணின ஆப் மாதிரி. பதினஞ்சு வருஷம் கழிச்சு பக் ஃபிக்ஸ் ஆச்சு, கூடவே ரெண்டு தேனீயும் வந்தது.

தேனீ பவுண்டு 2024 ஆகஸ்ட்ல புழக்கத்துக்கு வந்தது, முதல்ல விட்டது சுமார் 30 லட்சம். அந்த ஊர் ஜனத்தொகைக்கு அது கொஞ்சம்தான். ஆனா முக்கியமான வித்தியாசம் என்னன்னா, அதை வாங்க வேண்டியதில்லை. கண்டுபிடிக்கணும். பால் வாங்கப் போன இடத்துல, பஸ் டிக்கெட் மீதியில, அப்பா பேண்ட் பாக்கெட்ல. ஒரு நாள் கிடைக்கும், பல நாள் கிடைக்காது. உடனே இணையத்துல 'அபூர்வத் தேனீ பவுண்டு'ன்னு அநியாய விலை போட்டு விக்கிறவங்களும் வந்துட்டாங்க, அது எந்தச் செடிக்கும் வர்ற அசுவினி. அதை விடுங்க. லெஸ்டர்ல இருக்கற என் காலேஜ் நண்பன்கிட்ட சொல்லி வச்சேன். அவனுக்கு அந்த வருஷக் கடைசியில ஒண்ணு கிடைச்சது. ஊருக்கு வந்தப்போ கொண்டு வந்தான். வெறும் பாக்கெட்ல, வீட்டுச் சாவியோட. கேப்சூல் இல்லை, சான்றிதழ் இல்லை, அதுக்குள்ளயே ரெண்டு கீறல்.

அதுக்கு முன்னாடி ஆஸ்திரேலியா. 2022-ல அங்க ராயல் ஆஸ்திரேலியன் மின்ட் கலர்ல ஒரு 2 டாலர் தேனீ நாணயம் போட்டது. ஆஸ்திரேலியாவுக்குத் தேனீ வந்து 200 வருஷம் ஆச்சுன்னு. ஆமா, வந்து. அங்க நாம தேன் எடுக்கற ஐரோப்பியத் தேனீ கிடையாது, 1822-ல கைதிகளை ஏத்திட்டு வந்த கப்பல்ல வந்து இறங்கினது. அந்த மண்ணுக்குச் சொந்தமான கொட்டாத குட்டித் தேனீக்கள் வேற. அதுங்களுக்கு 200 வருஷம்னு கொண்டாட முடியாது, எத்தனை லட்சம் வருஷம்னு போடறது! சரி, நாணயம் வந்த அதே 2022, ஜூன் மாசம், நியூகாசில் துறைமுகத்துல கண்காணிப்புக்கு வச்சிருந்த தேன்பெட்டியில வரோவாங்கிற உண்ணியைக் கண்டுபிடிச்சாங்க. தேனீ உடம்புல ஒட்டிக்கிட்டு, புழுவையும் பாதிச்சு, கூட்டத்தையே அழிக்கிற உண்ணி. மனுஷன் தேனீ வளர்க்கற கண்டங்கள்ல அது நுழையாம இருந்த கடைசி இடம் ஆஸ்திரேலியா. பரவாம இருக்க ஆயிரக்கணக்கான கூடுகளை அவங்களே அழிச்சாங்க. 2023 செப்டம்பர்ல, இனி ஒழிக்க முடியாது, அதோடயே வாழப் பழகணும்னு கைவிட்டாங்க. கேப்சூலுக்குள்ள இருந்த மஞ்சள் தேனீக்கு இது எதுவும் தெரியாது. அந்த நாணயம் வாங்கின குழந்தைக்கு யாராவது சொல்லியிருப்பாங்களான்னு எனக்கு ஒரு யோசனை.

இப்போ திரும்ப ஜெர்மனி. பொறிவண்டு நாணயம் போடற நாட்டுல பூச்சி எவ்வளவு இருக்கு? இதுக்கு ஒரு எண் இருக்கு, அந்த எண் எப்படி வந்துச்சுங்கிறதுதான் என்னை ரெண்டு நாள் தூங்க விடலை.

ஜெர்மனியோட மேற்குல கிரேஃபெல்டுன்னு ஒரு ஊர். அங்க ஒரு பூச்சியியல் சங்கம். பெரும்பாலும் அமெச்சூர்கள். வேற வேலை பார்த்துக்கிட்டு, பூச்சி மேல இருக்கற பைத்தியத்துல சேர்ந்தவங்க. நம்ம பாஷையில சொன்னா சேகரிப்பாளர்கள். இவங்க மலேஸ் பொறின்னு ஒண்ணு வைப்பாங்க, கூடாரம் மாதிரி வலை. பறந்து வர்ற பூச்சி வலையில முட்டி, மேல ஏறி, உச்சியில இருக்கற ஆல்கஹால் பாட்டில்ல விழும். 1989-ல இருந்து 2016 வரைக்கும், 63 இடத்துல, அதுவும் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகள்ல, ஒரே மாதிரி பொறி, ஒரே முறை. விழுந்த பூச்சியை எடை போட்டு, எந்த இடம், எந்தத் தேதின்னு சீட்டு ஒட்டி, பாட்டிலை அடுக்கி வச்சாங்க. 27 வருஷம். யாரும் கேட்கலை, யாரும் விலை சொல்லலை.

அந்தப் பாட்டில்களோட கணக்கை வச்சுத்தான் 2017 அக்டோபர்ல பிளாஸ் ஒன் இதழ்ல ஆய்வு வந்தது. பறக்கிற பூச்சிகளோட மொத்த எடை அந்த 27 வருஷத்துல நாலுல மூணு பங்குக்கு மேல குறைஞ்சிருக்கு. 76 சதவீதம். நடுக்கோடையில 82 சதவீதம். காப்புக்காட்டுக்கு உள்ளேயே! உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஆச்சு. 2019-ல பவேரியாவுல 'தேனீக்களைக் காப்போம்'னு மக்கள் மனு ஒண்ணு நடந்தது. 17 லட்சத்துக்கு மேல பேர் நகராட்சி ஆபீஸுக்கு நேர்ல போய் வரிசையில நின்னு கையெழுத்துப் போட்டாங்க. மாநில அரசு அதை அப்படியே ஏத்துக்கிட்டது. 2021-ல தேசிய அளவுல பூச்சிப் பாதுகாப்புச் சட்டம். 2022-ல நாணயம்.

இதுல நான் திரும்பத் திரும்ப யோசிக்கறது அந்தச் சீட்டைப் பத்தி. பூச்சியியல்ல ஒரு விதி உண்டு. ஊசியில குத்தி வச்ச பூச்சிக்குக் கீழ இடம், தேதி, பிடிச்சவர் பேர் இல்லைன்னா ஆராய்ச்சிக்கு அது அநேகமா உதவாது. எவ்வளவு அழகா இருந்தாலும். நாணயத்துலயும் இதே கதைதான். எந்த மண்ணுல, எந்தப் பானைக்குள்ள, எதோட சேர்ந்து கிடைச்சதுன்னு தெரியாத பழங்காசு பாதி ஊமை. ரெண்டு தொழிலுக்கும் உயிர் அந்தச் சீட்டுலதான் இருக்கு. கடையில வாங்கற நாணயத்துக்கும் அட்டையில சீட்டு இருக்கு, ஆனா அதை எழுதினது கம்பெனி. வாங்கறவன் எழுத ஒண்ணும் மிச்சம் வைக்கலை. 'இந்த நாணயம் எங்க கிடைச்சது?'ங்கிற கேள்விக்கு 'கடையில'ன்னு ஒரே பதில்.

2025 பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். தேனீ பவுண்டை அவன்கிட்ட நீட்டி, "பிரிச்சுப் பாரு, சுத்து, என்ன வேணா பண்ணு"ன்னேன். அவன் என்னைச் சந்தேகமாப் பார்த்துட்டு, "எங்க கிடைச்சது?"ன்னு கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் நண்பனுக்கு பஸ்ல சில்லறையா வந்ததுன்னேன். "எந்த ஊர் பஸ்?" லெஸ்டர். உள்ள போய் ஒரு நோட்டு எடுத்துட்டு வந்தான். நாற்பது பக்க கோடு போட்ட நோட்டு, அட்டையில 'காசு'ன்னு மட்டும் எழுதியிருந்தது.

விஷயம் என்னன்னா, நான் கத்தினதுக்கு அப்புறம் அவன் நாணயத்தை விட்டுடலை, கேப்சூலைத்தான் விட்டான். வீட்டுல வர்ற சில்லறையைப் பார்க்க ஆரம்பிச்சிருக்கான். நம்ம காசுல வருஷத்துக்குக் கீழ பாருங்க, இப்பவே பாக்கெட்ல இருந்தா எடுத்துப் பாருங்க. ஒரு புள்ளி இருந்தா நொய்டாவுல அடிச்சது. வைரம் மாதிரி சாய்ஞ்ச சதுரம் இருந்தா மும்பை. நட்சத்திரம்னா ஹைதராபாத். ஒண்ணுமே இல்லைன்னா கொல்கத்தா. இது அவனுக்கு யார் சொன்னாங்கன்னு கேட்டேன், அண்ணாச்சி கடையில ஒரு தாத்தா சொன்னாராம். நோட்டுல இப்படி எழுதியிருக்கு: '10 ரூ. புள்ளி. பால் வாங்கினப்போ. அம்மா கூட வந்தா.' '2 ரூ. ஸ்டார். ட்யூஷன் வாசல்ல கீழ கிடந்தது.' '1 ரூ. ஒண்ணும் இல்ல. பாட்டி சுருக்குப்பை.' பக்கம் பக்கமா.

நடுவுல ஒரு பக்கத்துல இது இருந்தது: '5 யூரோ. பொறிவண்டு. மாமா குடுத்தார். கீறல் 1, நான் போட்டது.'

அதுக்குக் கீழ வேற பேனாவுல இன்னொரு வரி. 'பொறிவண்டு, நிஜம். மாடி கறிவேப்பிலைத் தொட்டி. ஞாயிறு காலை. புள்ளி 6? சிலது கோடு மாதிரி இருக்கு. பறந்துடுச்சு.'

எங்க அம்மா இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சிரிச்சாங்க. அவங்க சின்ன வயசுல பொன்வண்டு பிடிச்சுத் தீப்பெட்டியில போட்டு, இலை கிழிச்சுப் போட்டு, முட்டை வைக்கும்னு ராத்திரி எல்லாம் திறந்து திறந்து பார்ப்பாங்களாம். "நாங்க பிடிச்சு வச்சோம், இவன் எழுதி வச்சிருக்கான்"னாங்க. இப்போ எங்க ஊர்ல பொன்வண்டு இருக்கான்னு கேட்டேன். அம்மா யோசிச்சுட்டு, "யாரு பார்த்தா?"ன்னு சொன்னாங்க.

பையன் விடலை. நாணயத்துல ஏழு புள்ளி, மாடியில ஆறு, எது தப்புன்னு கேட்டான். ரெண்டும் சரிதான்டா, அது ஜெர்மனி வண்டு, ஏழு புள்ளி வகை. நம்ம பக்கம் அதிகமா இருக்கறது ஆறு புள்ளி வகை, அதோட அறிவியல் பேர்லயே 'ஆறு' இருக்கு. அதுல வளைஞ்சு நெளிஞ்ச கோடும் உண்டு, அதனாலதான் உனக்கு எண்ணும்போது குழப்பம்னேன். இதை நானும் அப்பத்தான் போன்ல தேடிப் படிச்சேன், அதை அவன்கிட்ட சொல்லலை. நோட்டைத் திரும்ப வாங்கி, கேள்விக்குறியை மட்டும் அடிச்சான்.

அப்புறம் என்கிட்ட பேனாவை நீட்டி, 5 யூரோ வரிக்குப் பக்கத்துல ஒரு காலி இடத்தைக் காட்டி, "எங்க கிடைச்சதுன்னு நீங்க சொல்லவே இல்ல மாமா"ன்னான். எழுதிக் கொடுத்தேன். கடை, மியூனிக், கிளம்பறதுக்கு நாலு நாள் முன்னாடி, மழை பெஞ்சுக்கிட்டு இருந்தது.

அவ்வளவுதான் மக்களே இந்த வாரம். உங்க வீட்டுச் சில்லறை டப்பாவுல நட்சத்திரம் கிடைச்சா எங்க கிடைச்சதுன்னு சேர்த்து எழுதி அனுப்புங்க, அவன்கிட்ட காட்டுறேன். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.